மூன்று புள்ளிகளும் ஒரு முழங்கையும்

என்னுடைய வலது முழங்கையைத் திருத்துவதற்காகத்தான் நாங்கள் சென்னைக்குப் போனோம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் போய்ச் சேர்ந்து பத்து நாளுக்குள் என் முழங்கையைப் பற்றிக் கதைப்பதற்கு ஆளில்லாமல் போய்விட்டது.

எட்டு வருடங்களுக்கு முன் மூட்டுவாதத்தில் தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டு, கொழும்பில் உலோக மூட்டு வைத்தார்கள். அது எலும்புக்குள் ஆடத் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. வலக்கை வாய் வரை மடங்காது. சோற்றை இடக்கையால் கரண்டியில் அள்ளித்தான் சாப்பிடுவேன். வைத்த வைத்தியர் வெளிநாடு போய்விட்டார். பழையதைக் கழற்றிப் புதிது வைப்பது முதல் தடவை வைப்பதை விடச் சிக்கல் என்று மற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அம்பத்தூர்ப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மருத்துவ விசா எடுத்தோம். விசாவில் நான் நோயாளி, இவர் துணை.

இவர் என்றால் என் கணவர் கனகசபை. யாழ்ப்பாணத்தில் முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தேன். பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கு மற்றவரை விட்டால் துணைக்கு ஆள் கிடையாது.

ஆவடியில் சேக்காட்டுப் பக்கம் ஒரு மாடி அறை எடுத்தோம். வீட்டுக்காரி மல்லிகா. ஒரு காலத்தில் அவர்களுடைய நெல்வயலாக இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வாடகை வீடுகள் நிற்கின்றன. முதல் நாளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பேச்சைக் கேட்டாள்.

"இன்னாக்கா, கேரளாவா நீங்க?"

"இல்லை, யாழ்ப்பாணம்."

"ஓ, சிலோனு. சண்டையெல்லாம் முடிஞ்சிச்சா?"

அந்த நான்கு மாதத்தில் இதே இரண்டு கேள்விகளை இதே வரிசையில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. முடிந்து கனகாலம் என்று சொன்னால், அப்போதுதான் நல்ல சேதி கேட்டவர்கள் போல எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அதனால் நானும் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் சென்ட்ரல் பக்கம் ஒரு உறவினரைப் பார்த்துவிட்டு மின்சார ரயிலில் ஆவடிக்குத் திரும்பினோம். கூட்டத்தில் என் கை நசுங்கிவிடும் என்று என்னைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு, இவர் பக்கத்துப் பெட்டியில் ஏறினார். ஆவடியில் நான் இறங்கிவிட்டேன். இவரைக் காணவில்லை. இவருடைய போன் என் கைப்பையில் கிடந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து, எதிர்ப்பக்கமிருந்து வந்த ரயிலில் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்த கோலத்தில் வந்து இறங்கினார். திருநின்றவூர் வரைக்கும் போய் வந்திருக்கிறார்.

"வாசல்லை நிண்டவன் ஒருத்தனும் விலகேல்லை," என்றார்.

முப்பத்திரண்டு வருடம் ஊரையே இறக்கிவிட்டவருக்குத் தான் இறங்கத் தெரியவில்லையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இறங்குவதற்கு முண்டியபோது யாரோ ஒருவருடைய முழங்கை இவருடைய வலது விலாவுக்குக் கீழே இடித்துவிட்டது. அந்த நோவு நாலு நாளாகியும் போகவில்லை. எனக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன அன்று, எலும்பு ஏதும் வெடித்ததோ என்று இவருக்கும் ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

எலும்பு நன்றாக இருந்தது. உள்ளே ஏதும் அடிபட்டதோ என்று வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஈரலில் ஒரு கட்டி இருந்தது. எலுமிச்சை அளவு என்றார்கள், எங்கள் ஊர்த் தேசிக்காய்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு ஸ்கேன், இரத்தப் பரிசோதனைகள். புற்றுநோய்தான் என்றார்கள். எப்போதோ வந்துபோன மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளேயே இருந்து ஈரலை இறுக்கிவிட்டதாம். இறுகிய ஈரலில் வெட்டி எடுப்பது ஆபத்து. கதிர்வீச்சு வைத்தியர் ஒரு தாளில் ஈரலை வரைந்து காட்டினார். வெளியிலிருந்தே கட்டியை மட்டும் குறிபார்த்துக் கதிரைச் செலுத்தலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து தடவை என்றார். பக்கத்தில் குடல் இருக்கிறது, கீழே சிறுநீரகம் இருக்கிறது, அதனால் குறி தப்பக் கூடாது என்றும் சொன்னார். எனக்கு அந்தக் கடைசி வசனம் மட்டும்தான் காதில் நின்றது.

என் எலும்பு வைத்தியரிடம் போனேன். முழங்கை இரண்டு மாதம் பொறுக்குமா என்று கேட்டேன். பாரம் தூக்காவிட்டால் பொறுக்கும் என்றார். கீழே கவுண்டரில் இருந்தவர் இவருடைய படிவத்தை நிரப்பினார்.

"அட்டெண்டர் பேரு?"

என் பெயரைச் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க தானம்மா பேஷண்ட்டு. அவரு தான உங்களுக்கு அட்டெண்டரு."

"இப்ப மாறிட்டுது," என்றேன்.

துணைக்கு வருபவர் போடுகிற பச்சை அட்டையை இவர் தன் கழுத்திலிருந்து கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். எங்கள் இருவருக்கும் அப்போது கண் கலங்கியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தியதால் அழ முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை, கதிர் எங்கே விழ வேண்டும் என்று திட்டமிடும் ஸ்கேன். இவருடைய முதுகின் அச்சுக்கு ஏற்றமாதிரி ஒரு மெத்தையை இறுக்கி எடுத்தார்கள். ஜெனிபர் என்று ஒரு பிள்ளை, அந்தப் பிரிவில் டெக்னீஷியன், பட்டாபிராமிலிருந்து வருகிறவள், இவருக்கு மூச்சைப் பிடித்து வைக்கப் பழக்கினாள். மூச்சு விட்டால் ஈரலும் சேர்ந்து மேலும் கீழும் ஆடுமாம். கதிர் போகிற நேரம் மூச்சை நிறுத்தி வைக்க வேண்டும். "டிக்கெட் டிக்கெட்" என்று கத்திப் பழகிய நெஞ்சு இவருக்கு. இருபது விநாடி சுகமாகப் பிடித்தார். ஜெனிபர் பாராட்டியதும் வீட்டுக்கு வந்து எனக்கும் இரண்டு தடவை செய்து காட்டினார்.

பிறகு அவள் ஊதா மையால் வயிற்றில் ஒன்று, இரண்டு விலாப் பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று சிலுவைக் குறிகள் போட்டு, மேலே கண்ணாடி போன்ற ஒட்டியை ஒட்டினாள். சுவரிலிருந்து வருகிற சிவப்பு வெளிச்சக் கோடு இந்தக் குறிகளில் விழும்படிதான் ஒவ்வொரு தடவையும் படுக்க வைப்பார்களாம்.

"அடுத்த செவ்வாக்கெழம தான் ஃபர்ஸ்ட் ட்ரீட்மெண்ட். அதுவரைக்கும் இந்த மார்க் போவக் கூடாது ஆன்ட்டி. சோப்பு போடாதீங்க. டவல் வச்சுத் தேய்க்காதீங்க. மேலால தண்ணி ஊத்திக்கலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை முழுக்கு என்பது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து, இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த காலத்தில்கூட, சனிக்கிழமை காலையில் இவருக்கு எண்ணெய் வைத்துவிடுவேன். அந்த வாரம் முழுக்க இவர் உடம்பு எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மல்லிகாவும் சேர்ந்துகொண்டாள்.

"லிவருனாலே சூடு தான்க்கா. எண்ண வச்சாத்தான் அடங்கும். நம்ம ஊட்லயே செக்கெண்ண கீது, எடுத்தாறேன்."

கிண்ணத்தில் இளஞ்சூடாகக் கொண்டுவந்து தந்தாள். ஊரில் அரப்பும் தேசிக்காயும் அவித்து வைப்போம். இங்கே சீயக்காய்த் தூள். சோப்பு இல்லை, துவாய் இல்லை. சீயக்காய் வயிற்றில் படாமல் தலைக்கு மட்டும்தான் போட்டேன். அவ்வளவு கவனமாக இருந்தேன். எண்ணெயைப் பற்றி மட்டும் எனக்கு யோசனையே வரவில்லை. இடக்கையால் வயிற்றைச் சுற்றி எண்ணெய் தடவிக்கொண்டு போகையில் அந்தக் கண்ணாடி ஒட்டிகள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வந்தன. உள்ளங்கையைப் பார்த்தேன். ஊதா நிறமாக இருந்தது.

வயிற்றில் ஒரு மங்கல் கீறு மட்டும் மிச்சம். பக்கத்துக் குறிகள் இரண்டும் இருந்த இடமே தெரியவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாதையும்," என்றார் இவர். "திரும்ப அந்த மிசினுக்கை படுக்கப் போட்டு ஊசி குத்துவினம். நீர்தானே தையல் ரீச்சர். நீரே போட்டுவிடும்."

இந்த இடத்தில் நான் செய்ததை நியாயப்படுத்த மாட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. படித்த மனுஷி, துணை என்று அட்டை போட்டுக்கொண்டு வந்தவள், முதல் வாரத்திலேயே இப்படிச் செய்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. உடம்பில் அளவு எடுத்துக் கோடு போடுவது எனக்குப் புதிதும் அல்ல. என் கைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் அதே ஊதாவில் ஒரு மார்க்கர் பேனா தேடிப் பிடித்தேன். கடைக்காரர் பள்ளிக்கூட புரொஜெக்டுக்கா என்று கேட்டார். ஓம் என்றேன்.

இவரை நேராகப் படுக்கப் போட்டு, வயிற்றுக் கீறிலிருந்து நாடா பிடித்து, இரண்டு பக்கமும் சம தூரத்தில் குறித்தேன். இடக்கையால் போட்டாலும் கோடு நேராகத்தான் வந்தது. இவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு அச்சு அசல் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கப் போனோம். வைத்தியர் நடக்கச் சொல்லியிருந்தார். ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் குளத்துக்கு அப்படியொரு பாதை கிடையாது. இவர் நீர்க்காகங்களை எண்ணிக்கொண்டு சந்தோஷமாக வந்தார். நான் எதிரே வருகிற ஆண்கள் எல்லோருடைய சட்டைப் பக்கத்தையும், குறி எந்த இடத்தில் வரும் என்று பார்த்துக்கொண்டு போனேன். குறி தப்பக் கூடாது என்று அந்த வைத்தியர் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு முறை. நாலு மணித்தியாலம் முன்பிருந்தே இவர் ஒன்றும் சாப்பிடக் கூடாது. வழமையாக வருகிற ஆட்டோக்காரர் பூந்தமல்லி ரஹீம் பாய். நோன்பு மாதம் அது.

"பசிக்குதுய்யா," என்றார் இவர், சி.டி.எச். ரோட்டு நெரிசலில் நின்றபோது.

"நாலு மணி நேரத்துக்கே இப்டியா சார்? நான் காத்தாலேர்ந்து எச்சி கூட முழுங்கல. வாங்க, ரெண்டு பேரும் சேந்தே தொறப்போம்."

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போனோம். ஜெனிபர் இவருக்கு நீல அங்கி கொடுத்தாள். பெரிய கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே கதிர் போகிறபோது அது எரியும் என்று போன தடவை சொல்லியிருந்தாள். இவர் என் கையில் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே நடந்தார். அவள் கதவில் கை வைத்தாள்.

"பிள்ளை, பொறும்," என்றேன். "அந்தக் குறி நீங்கள் போட்டது இல்லை. நான் போட்டது."

அவளுக்கு விளங்கவில்லை. முழுக்கு, எண்ணெய், மார்க்கர், அளவு நாடா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் இவருடைய அங்கியை விலக்கிப் பார்த்தாள். பிறகு அளவு பார்க்கிற இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவர் முதல் நாள் எடுத்த படத்தைத் திரையில் வைத்து ஒப்பிட்டார். பக்கத்துக் குறிகள் இரண்டும் இரண்டு விரல் அளவு வயிற்றுப் பக்கம் தள்ளி இருந்தன.

ஏன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சட்டையின் பக்கத் தையல் வருகிற இடத்தில் போட்டிருக்கிறேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த இடம் அது. கை தானாக அங்கேயே போயிருக்கிறது.

"மிஷின் எப்டியும் ஒரு படம் எடுத்துப் பாக்கும் ஆன்ட்டி, தப்பா இருந்தா நாங்க குடுக்க மாட்டோம்," என்றாள் ஜெனிபர். "ஆனா நீங்க சொன்னது நல்லது. இல்லனா அங்கிள உள்ள படுக்க வச்சுகினு எங்க தப்புன்னு தேடினு இருந்திருப்போம்."

அங்கே இருந்த கதிரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். கதிர்வீச்சு வைத்தியர் வந்தார். கோபிப்பார் என்று பயந்தேன். என்ன எண்ணெய் என்று கேட்டார். நல்லெண்ணெய் என்றேன். "எங்க அம்மாவும் விட மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் புது ஸ்கேன், அதற்கடுத்த செவ்வாய் முதல் கதிர் என்று எழுதினார். ஒரு வாரத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது என்றார். அதை நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சொன்னார்.

இந்த முறை மை இல்லை. ஊசியால் தோலுக்குள் மூன்று புள்ளி வைப்போம், அது சாகும்வரை போகாது என்றாள் ஜெனிபர். இவருக்கு அது பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது.

"எங்கடை பரம்பரையிலை ஆம்பிளையள் ஒருத்தரும் பச்சை குத்தினது இல்லை."

"மிளகு சைசுகூட இல்ல அங்கிள். ஆன்ட்டிய நம்ப முடியாது, அதான்."

இவர் என்னைப் பார்த்து, அது சரி என்றார்.

அடுத்த செவ்வாயிலிருந்து ஐந்து தடவை போனோம். சிவப்பு விளக்கு எரியும், அணையும், மறுபடி எரியும். ஒலிபெருக்கியில் ஜெனிபர் "இழுங்க... புடிங்க..." என்று சொல்வது வெளியே லேசாகக் கேட்கும். நானும் சேர்ந்து மூச்சைப் பிடிப்பேன். என்னால் பதினொரு விநாடிக்கு மேல் முடியவில்லை. இவர் ஆறேகால் போல வெளியே வருவார். ரஹீம் பாய் ஆட்டோவில் தூக்குச் சட்டியோடு காத்திருப்பார். அவருடைய மனைவி காய்ச்சிக் கொடுத்த நோன்புக் கஞ்சி. பாங்கு கேட்டதும் இருவரும் பின் சீட்டில் அருகருகே உட்கார்ந்து குடிப்பார்கள். எனக்கு முன் சீட்டில் ஒரு கிண்ணம் வரும். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் கஞ்சியில் தேங்காய்ப்பால் கூடுதல், இதில் பூண்டு கூடுதல். கடைசித் தடவை இவருக்குக் குமட்டலாக இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. ரஹீம் பாய் கிண்ணத்தை வாங்கி மீதியைக் குடித்தார்.

அதற்குப் பிறகு என் முறை. பச்சை அட்டை மறுபடி இவர் கழுத்துக்குப் போனது. பழைய உலோகத்தைக் கழற்றி, எலும்புக்குள் ஒட்டியிருந்த சிமெந்தைச் சுரண்டி, நீளமான தண்டுள்ள புது மூட்டை வைக்க ஐந்து மணித்தியாலம் ஆனது. இவர் வெளியே ஒரே கதிரையில் இருந்தாராம். சாப்பிடப் போகச் சொன்ன தாதியிடம், நாலு மணித்தியாலம் பட்டினி தனக்குப் பழக்கம் என்றாராம்.

மூன்று வாரம் எனக்குச் சோறு ஊட்டினார். தலை இழுத்துப் பின்னிவிட்டார். பின்னல் தோளுக்கு வருமுன் அவிழ்ந்துவிடும். கதிர்க் களைப்பு அவருக்குப் போகவில்லை. இரண்டு வாய் ஊட்டிவிட்டுச் சற்று ஓய்ந்திருப்பார், பிறகு மூன்றாவது வாய். மல்லிகா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கட்னாலும் இந்த மாரி கட்டணும்," என்று சொல்லி வடகறி வைத்துவிட்டுப் போவாள். பழைய மசால்வடையை உடைத்துப் போட்டுச் செய்கிறார்கள் என்று கேட்டு முதலில் முகம் சுளித்த நான், இப்போது ஊரில் இடியப்பத்துக்கு அதைத்தான் செய்கிறேன்.

ஆறாவது வாரம் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு பிஸ்கட்டை வலக்கையில் தந்தாள். அது வாய் வரைக்கும் வந்தது. பிஸ்கட்டில் உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. அதைப் போல ருசியாக நான் ஒன்றும் சாப்பிட்டதில்லை.

மே மாத வெயிலில் இவருடைய ஸ்கேன். முடிவு சொல்ல ஒரு மணித்தியாலம் காக்க வைத்தார்கள். காத்திருந்த இடத்துச் சுவரில், கதிர்வீச்சுக்கு வருகிறவர்களுக்கான அறிவுறுத்தல்கள் ஒட்டியிருந்தன. சோப்பு போடக் கூடாது, துண்டால் தேய்க்கக் கூடாது. அதற்குக் கீழே பேனாவால் புதிதாக ஒரு வரி: எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது. இவர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் கேட்காதவள் போல இருந்தேன்.

கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது, உள்ளே உயிர் இருப்பதாகத் தெரியவில்லை என்றார் வைத்தியர். "இப்போதைக்கு நல்லா இருக்கு," என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். இப்போதைக்கு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தோம்.

புறப்படுவதற்கு முந்திய நாள் சனிக்கிழமை. மல்லிகா கேட்காமலே கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இப்போ வைக்கலாமாக்கா, டாக்டராண்ட கேட்டுகினீங்களா?" என்றாள். ஸ்கேன் அன்று வைத்தியரிடம் அதைத்தான் முதலில் கேட்டேன் என்றேன்.

இவர் குளியலறைப் பலகையில் உட்கார்ந்தார். வலக்கையால் எண்ணெய் எடுத்தேன். பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், எண்ணெய்க்குப் பாரம் இல்லை. முதுகு, தோள், பிறகு வயிறு. முழங்கை மடங்கியது, நிமிர்ந்தது. விலாப் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்னப்பா, நிப்பாட்டிப் போட்டீர்?"

"ஒண்டுமில்லை."

வயிற்றுப் புள்ளியில் விரலை வைத்து அழுத்தித் தேய்த்தேன். பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை. மறுபடியும் தேய்த்தேன்.